பொழிக்கல் இருந்த இடம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ராசிபுரத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் மேட்டுக்காடு. குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம் (மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்று படித்துக்கொள்ளவும்). கிழக்கே ஒட்டியிருப்பது பெரியப்பாவின் காடு. நடுவில் ஒரு பொழி. அந்தப் பொழியின் வடக்கு மூலையில் நின்ற சர்வே கல், வண்டித்தடத்தை ஜேசிபி வைத்துச் சரிசெய்தபோது பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த கல் கிடக்கிறது. அது நின்ற குழிதான் இல்லை.

"வடக்குப் பொழியில நின்னு பார்த்தா கல்லுக்கு நேரா கிணத்தடிப் பனை தெரியும்" என்றார் அப்பா. "தெரியும்தான், ஆனா எவ்வளவு தூரத்துல?" என்றார் பெரியப்பா. சண்டை அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

யோசித்துப் பார்த்தால் பெரியப்பா கேட்டது சரியான கணக்குக் கேள்வி. அப்பாவிடம் இருந்தது ஒரு கோடு. ஒரு கோட்டின் மேல் எண்ணற்ற புள்ளிகள் உண்டு, கல் அதில் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். இடத்தைச் சொல்ல இன்னொரு கோடு வேண்டும். பத்தாம் வகுப்பில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம் எல்லோரும். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்து எங்கள் காட்டு மூலையில் நிற்கிறது என்று தேடப்போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

விளக்கும் மூங்கிலும்

எட்டிப் போகமுடியாத ஒரு புள்ளியை இரண்டு கோடுகளால் பிடிக்கும் யோசனை பழசு. பொ.ஆ. 499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில், விளக்கின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கும் விதி இருக்கிறது. விளக்குக்கு நேர்கோட்டில் ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகளை நட்டு, இரண்டின் நிழலையும், நிழல் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். விளக்கைத் தொடவே வேண்டாம்.

நானே ஓர் எண் போட்டுப் பார்த்தேன். 12 அங்குலக் குச்சிகள், நிழல்கள் 10, 16 அங்குலம், நுனிகளுக்கு இடையே 30 அங்குலம். நிழல்களின் வித்தியாசம் 6. 30-ஐ 10-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 50, இது முதல் நிழலின் நுனியிலிருந்து விளக்கின் அடிவரை உள்ள தூரம். 50-ஐ 12-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 60. விளக்கின் உயரம் 60 அங்குலம். ஒவ்வொரு நிழல் நுனியிலிருந்தும் குச்சியின் தலை வழியாக ஒரு கோடு மேலே போகிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் சுடர்.

1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இதைவிட அழகான ஒரு கணக்கு உண்டு. 15 முழ மூங்கில் ஒன்று, 10 முழ மூங்கில் ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் மற்றதன் அடிக்கு ஒரு கயிறு. கயிறுகள் குறுக்கே சந்திக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? விடை 6 முழம். 15-ஐயும் 10-ஐயும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும்: 150-ஐ 25-ஆல் வகுக்க 6. மூங்கில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்கவே தேவையில்லை. 5 முழமானாலும் 500 முழமானாலும் உயரம் மாறாது. முதல்முறை படித்தபோது நம்பாமல் காகிதத்தில் நான்கு இடைவெளி போட்டுப் பார்த்தேன். நான்கிலும் 6.

அதே பாஸ்கரர் தெரியாத எண்கள் ஒன்றுக்கு மேல் வந்தால் அவற்றுக்கு நிறங்களின் பெயரை வைத்து, முதலெழுத்தை மட்டும் எழுதுவார். யாவத்தாவத் என்பதற்கு யா, காலகம் (கறுப்பு) என்பதற்கு கா, நீலகம் என்பதற்கு நீ. ஆக இயற்கணிதம் இருந்தது, கோடுகள் சந்திப்பதும் இருந்தது. இரண்டையும் முழுசாக ஒட்டவைத்தது, 'ஒரு கோடு என்பது ஒரு சமன்பாடு' என்ற பார்வை. அது ஐரோப்பாவில் 1630-களில் ஃபெர்மா, தெகார்த் இருவரிடமும் தனித்தனியாக வந்தது. தெகார்த்தின் வடிவியல் நூல் அச்சானது 1637-இல்.

பரப்பு வேறு, இடம் வேறு

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் அடக்கம். கம்பெனி அதை ஒரு ராணுவ அதிகாரியிடம் கொடுத்தது, கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியட், கிரஹாம் என்று மூன்று உதவியாளர்கள். மன்றோ தருமபுரியில் இருந்தார். சேலம், நாமக்கல் பக்கம் மெக்லியட் பொறுப்பு. இவர்கள் காடு காடாக அளந்து, அந்தந்த உழவரிடமே தீர்வை பேசிய முறைதான் பிறகு மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி. மன்றோ பின்னாளில் ஆளுநரானதால் அவர் பெயர் நிலைத்தது. ரீட் பெயர் பலருக்குத் தெரியாது.

தீர்வை போடுவதற்கு வேண்டியது பரப்பு. காடு எத்தனை ஏக்கர், மண் எப்படி, கிணறு உண்டா, இவ்வளவுதான் கேள்வி. நம்முடைய பழைய குழி, மா, வேலிக் கணக்கும் இதே வகைதான். பரப்பு 'எவ்வளவு' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது. இரண்டு பங்காளிகளுக்கும் பட்டாவில் பரப்பு சரியாக இருக்கும், நடுவில் இருக்கும் பொழி மட்டும் வருஷத்துக்கு ஒரு சாண் நகரும். எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து வரை போன வழக்குகள் பலவும் இந்த ஒரு சாணில்தான் தொடங்கியிருக்கின்றன.

'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1794-இல் சென்னையில் எட்டுப் பையன்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு அதுதான் விதை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். முடிக்க 57 நாள் ஆனது. அதற்குப் பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. ஒரு பக்கம் தெரிந்துவிட்டால், மீதியெல்லாம் கோணம்தான். அடிக்கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைத் தியோடலைட்டில் பார்த்தால் இரண்டு கோடுகள். அவை வெட்டும் இடம் குன்றின் இடம். பிறகு அந்தக் குன்றும் ஒரு முனையாகி அடுத்த குன்றைப் பிடிக்கும். இப்படியே முக்கோணங்கள் மேற்கே மங்களூர் வரைக்கும், பெங்களூரிலிருந்து தெற்கே குமரிமுனை வரைக்கும் போயின. வடக்கு தெற்காக ஓடிய அந்தச் சங்கிலி நம் சேலத்துக்கு மேற்கே, கொங்கு நாட்டுக்குள் புகுந்துதான் போனது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டையும் லாம்டன் அளந்தார்.

எங்கள் காட்டில் நின்றாலே அந்த வேலை இங்கே ஏன் சுலபம் என்று புரியும். கிழக்கே கொல்லிமலை, வடக்கே போதமலை. பேருந்து ஏறி அரைமணி, ஒருமணி போனால் நாமக்கல் கோட்டைப் பாறை, திருச்செங்கோடு, சங்ககிரி. சமவெளியில் முளையடித்த மாதிரி பாறைகள். தஞ்சைச் சமவெளியில் இது கிடையாது. அங்கே 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேல் கயிறு கட்டி ஏற்றப்போய், கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துவிட்டது. லாம்டன் பல வாரம் தனியே உட்கார்ந்து அந்த வட்டத்தைத் தட்டி நேராக்கினார்.

இந்த அளவையில் ஒரு வழக்கம் உண்டு. கருவியை வைத்துப் பார்த்த இடங்கள் 'நிலையங்கள்'. யாரும் காலே வைக்காமல், தூரத்திலிருந்து கோடுகள் வெட்டியதால் மட்டும் இடம் தெரிந்தவை 'வெட்டுப்புள்ளிகள்'. கோயில் கோபுரம், தனிமரம், மலைமுகடு எல்லாம் இதில் வரும். உலகத்தின் மிகப் பிரபலமான வெட்டுப்புள்ளி, பதினைந்தாம் எண் சிகரம். 1849, 1850-இல் நூறு மைலுக்கும் அப்பால் பீகார்ச் சமவெளியின் ஆறு நிலையங்களிலிருந்து அதைப் பார்த்தார்கள். ராதாநாத் சிக்தாரின் கணக்குப் பிரிவில் வந்த ஆறு விடைகளும் 28,990 அடிக்கும் 29,026 அடிக்கும் நடுவே இருந்தன. சராசரி 29,002 அடி. 1856-இல் அறிவித்து, பிறகு எவரெஸ்ட் என்று பெயரிட்டார்கள். அதன் மேல் மனிதன் நிற்க இன்னும் நூறு ஆண்டு இருந்தது.

ஏணிக்குள் இருக்கும் தெகார்த்

மலையைப் பிடித்த அதே கணக்கு பிறகு காட்டுக்கு இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணம் முழுக்க வயல் வாரியாகக் கல் நட்டுப் படம் போட்டார்கள். சங்கிலி கண்டரின் 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. பழைய பத்திரங்களில் வரும் 'லிங்க்ஸ்' அதுதான். அந்தப் படத்தின் இன்றைய வாரிசு புலப்படம், எல்லோரும் சொல்வது எஃப்எம்பி.

எஃப்எம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயலுக்குள் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு ஒரு கோடு இழுத்திருக்கும், ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் விலகினால் இந்தக் கல் என்று, படி படியாக எண்கள் எழுதியிருக்கும். அந்த எண் வரிசைக்கு 'லேடர்', அதாவது ஏணி என்றே பெயர். இத்தனை வருஷம் சாஃப்ட்வேர் எழுதியும் எனக்கு இந்த முறைதான் உறைத்தது. கோட்டில் போன தூரம் ஓர் அச்சு, விலகல் இன்னோர் அச்சு. ஒவ்வொரு கல்லும் இரண்டு எண். தெகார்த் சொன்னது அப்படியே என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பட்டாவோடு மடித்துக் கிடந்திருக்கிறது.

சரி, கணக்கு. பாஸ்கரர் பாணியிலேயே தூரத்துக்கு 'தூ', விலகலுக்கு 'வி' என்று வைத்துக்கொள்கிறேன். எண்களை முழுமையாக்கி எழுதுகிறேன், எல்லாம் மீட்டரில்.

வடக்குப் பொழியில் மிச்சமிருந்த கற்கள் இரண்டு. முதல் கல் தூ 0, வி 12. இரண்டாம் கல் தூ 60, வி 24. 60 மீட்டர் போனால் 12 மீட்டர் விலகுகிறது, ஒரு மீட்டருக்கு 0.2. ஆக வடக்குப் பொழியின் சமன்பாடு:

வி = 12 + 0.2 தூ

இது அப்பாவின் பனைமரக் கோடுதான், எண்ணில் எழுதியது. இன்னொரு கோடு வேண்டும். காட்டுக்குள் சாய்ந்து வந்து அதே மூலையில் முடியும் வண்டித்தடத்தின் ஓரத்தில் இரண்டு உட்பிரிவுக் கற்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று தூ 10, வி 5. மற்றது தூ 50, வி 17. மீட்டருக்கு 0.3 விலகல்:

வி = 2 + 0.3 தூ

இரண்டும் சமமாகும் இடத்தில் 0.1 தூ = 10. தூ = 100, வி = 32. காகிதத்தில் இவ்வளவு சுத்தம். ஆனால் நான் காட்டில் டேப் பிடித்து அளந்து, லேப்டாப்பில் போட்டபோது வந்தது தூ 101.7, வி 32.5. அங்கே ஒரு குச்சி நட்டேன். பெரியப்பாவின் காட்டுக்குள் ஆறடிக்குச் சற்றுக் குறைவாகப் போய் நின்றது குச்சி.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை நான் பார்த்துவிட்டேன். பெரியப்பா குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டா கண்ணு, உன்ற கம்ப்யூட்டரு உங்கப்பன் பக்கந்தான் பேசுமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பையன் நான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எந்தக் கோட்டை நம்புவது

தப்பு எங்கே என்று மறுநாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். வடக்குப் பொழியின் இரண்டாம் கல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. நான் அதன் தலையைப் பிடித்து அளந்திருக்கிறேன், அடியைப் பிடித்திருக்க வேண்டும். வித்தியாசம் 10 சென்டிமீட்டர், அதாவது 24-க்குப் பதில் 24.1. இந்தப் பத்து சென்டிமீட்டர் எப்படி ஆறடியானது?

காரணம் கோணம். வடக்குப் பொழியும் வண்டித்தடமும் சந்திக்கும் கோணம் ஐந்தரை டிகிரிகூட இல்லை. கத்தரிக்கோலின் இரண்டு அலகும் கிட்டத்தட்ட மூடியிருக்கிற மாதிரி. ஓர் அலகை இம்மியளவு அசைத்தாலும் வெட்டும் இடம் நீளத்துக்கு ஓடிவிடும். சமன்பாட்டில் பார்த்தால் 0.3-லிருந்து 0.2-ஐக் கழித்து வரும் 0.1-ஆல் வகுக்கிறோம். வகுக்கும் எண் சின்னதானால் பிழை பெருகும். கல்லூரியில் இந்தக் கணக்குக்கு நிரல் எழுதியபோது, அந்த வித்தியாசம் பூஜ்யமா என்று மட்டும் சோதிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பூஜ்யமானால் இணைகோடுகள், விடை இல்லை. பூஜ்யமில்லை, ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால்? நிரல் ஒரு விடை கொடுக்கும். நான்கு தசம இடம்வரை துல்லியமாகக் கொடுக்கும். அதை நம்பி நான் குச்சி நட்டேன்.

பழைய அளவையாளர்களுக்கு இது பாலபாடம். முக்கோணத்தில் 30 டிகிரிக்குக் குறைந்த கோணமும் 120 டிகிரிக்கு மேற்பட்ட கோணமும் வராமல் நிலையங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. லாம்டன் மலை மலையாக ஏறி இறங்கியதில் பாதி இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரிகிற குன்று போதாது, சரியான கோணத்தில் இருக்கிற குன்று வேண்டும்.

எங்களுக்கும் அப்படி ஒரு கோடு இருந்தது, கிழக்குப் பொழி. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே இருக்கிற அதே பொழிதான். அதன் கற்கள் அவருடைய வேலி முள்ளுக்குள் இருந்தன. அவரைக் கேட்காமல் அளக்கமுடியாது என்றுதான் முதலில் விட்டிருந்தேன். சுலபமாகத் தெரிந்த கல்லை எடுத்துக்கொண்டதன் கதை அது.

போய்க் கேட்டேன். "பெரியப்பா, நான் போட்ட கணக்குத் தப்புங்க. உங்க பக்கத்துக் கல்லையும் சேர்த்து அளக்கோணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து அவரே முள்ளை வெட்டிவிட்டார். டேப்பின் மறுமுனையையும் அவரே பிடித்தார். ஜி லைன் முடியும் கல்: தூ 116, வி 0. அடுத்த கல்: தூ 108, வி 16. எட்டு மீட்டர் பின்னால் வந்தால் 16 மீட்டர் விலகல்:

வி = 232 − 2 தூ

வடக்குப் பொழியோடு சமன்படுத்தினால் 2.2 தூ = 220. மறுபடியும் தூ 100, வி 32. இந்த முறை வகுக்கும் எண் 2.2. கோடுகள் சந்திக்கும் கோணம் 105 டிகிரி. சாய்ந்த கல்லின் பழைய தப்பான அளவையே வேண்டுமென்று போட்டுப் பார்த்தேன். விடை 17 சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. அதே தப்பு, அங்கே ஆறடி, இங்கே ஒரு சாணுக்கும் குறைவு.

நாங்கள் போட்ட கணக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி கல்லை நடவேண்டியது அரசு அளவையர்தான். மனு ஏற்கெனவே போட்டிருந்தோம். மாசியில் அவர் வந்து, தன் முறையில் அளந்து, கல்லை நட்டார். எங்கள் குச்சிக்கும் அவர் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் வித்தியாசம். அதில் எது சரி என்று நான் கேட்கவில்லை. அவர் கல்தான் சரி.

கல்லைச் சுற்றி மண் இறுக்கும்போது அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பக்கமும் நின்று மிதித்தார்கள். "அந்தப் பனை இன்னும் நேராத்தான்டா தெரியுது" என்றார் பெரியப்பா. "அதைத்தாங்கண்ணா நானும் சொன்னேன்" என்றார் அப்பா.